பெயிண்ட் உரியறதா, காயில் போறதா: கையில இருக்கற பணத்துக்கு எதை முதல்ல சரி பண்றதுங்க?

ஓபன்வெல்_தம்பி (கோயமுத்தூர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கணபதியில அப்பா ஆரம்பிச்ச பம்ப் பட்டறையை இப்ப நான் பாத்துட்டு இருக்கறேன். ஓபன்வெல் சப்மெர்சிபிள் பாதி, ஆறு இன்ச் போர்வெல் சப்மெர்சிபிள் பாதி. காஸ்டிங் வெளிய பவுண்டரியில வாங்கிக்கறோம். லேத்து வேலை, வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங் எல்லாம் நம்மகிட்டயே. உடுமலையிலயும் தாராபுரத்துலயும் சின்னதா ரெண்டு சர்வீஸ் சென்டர் இருக்குது. ஆக, செஞ்சு விக்கறதும் நாமதான், வித்ததைக் கவனிக்கறதும் நாமதான்.

இந்த வருசம் பேங்க்ல 15 லட்சம் லோன் சேங்ஷன் ஆயிருக்குதுங்க. அதைக் குவாலிட்டிக்குன்னே ஒதுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எந்த வேலைக்குன்னுதான் தெரியல. அப்பாவுக்குப் பவுடர் கோட்டிங் பிளான்ட் போடோணும். சூப்பர்வைசர் அண்ணன் கம்ப்யூட்டர் வெச்ச டெஸ்ட் பெட் (செஞ்ச மோட்டாரை ஓட்டிப் பாக்கற மேடை) வேணுங்கறார். சர்வீஸ் பாக்கற பசங்க ஒரு வண்டியும் இன்னும் ரெண்டு ஆளும் கேக்கறாங்க. எனக்கு மோட்டார் ஷாஃப்ட் கடைய ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற லேத்து) வாங்கிரலாம்னு ரோசனை.

கம்ப்ளெய்ன்ட் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நூறு கம்ப்ளெய்ன்ட்னு வெச்சுக்கிட்டா ஏறக்குறையப் பாதி பெயிண்ட்டுதான்: உரியுது, துரு தெரியுது, கலர் மங்குது. சத்தம், அதிர்வு ஒரு இருபது. தண்ணி கம்மியா எடுக்குதுன்னு ஒரு பதினஞ்சு. காயில் போனது, அதாவது மோட்டாருக்குள்ள சுத்தின கம்பி கருகினது, சுமாரா பன்னெண்டு. மிச்சம் சில்லறை. சர்வீஸ் பத்தி நோட்டுல ஒண்ணுமே ஏறல. ஆனா போன்ல பேச்சு வாங்கறது அதுக்குத்தான் அதிகம்.

எண்ணிக்கைப்படி பார்த்தா அப்பா சொல்றதுதான் சரி. மனசுதான் ஒப்ப மாட்டேங்குது. எது முக்கியம்னு எப்படிங்க முடிவு பண்றது? பட்டறை, பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி, ஒர்க்ஷாப்னு எங்க வேலை பாக்கறவங்களா இருந்தாலும் உங்க வழக்கத்தைச் சொல்லுங்க.


குறிச்சி_இஞ்சினியர் எழுதியது:

நண்பரே, நீங்க கூட்டிப் பார்த்ததுக்குப் பேரு பரேட்டோ சார்ட். சொத்து எப்படிச் சிலர் கையிலயே குவியுதுன்னு ஆராய்ஞ்ச இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோ. 1940-கள்ல ஜோசப் ஜுரான் அந்தப் பேரைத் தரக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வந்தார். குறைகள்ல பெரும்பகுதி ஒரு சில காரணத்தால வருது, அந்தச் சிலதைப் பிடிங்கங்கறதுதான் சாரம்.

ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. நான் குறிச்சி சிட்கோவுல ஆட்டோ பார்ட்ஸ் யூனிட்ல இருக்கேன். எங்களுக்கு எஃப்எம்இஏ (எந்தப் பழுது எப்படி வரும், என்ன பாதிக்கும்னு முன்கூட்டியே போடற பட்டியல்) இல்லாம எந்தப் பார்ட்டும் அப்ரூவல் ஆகாது. ஒவ்வொரு பழுதுக்கும் மூணு மார்க்: பாதிப்பு எவ்வளவு கடுமை, எவ்வளவு அடிக்கடி வரும், வெளிய போறதுக்கு முன்னால நாம கண்டுபிடிக்கறது எவ்வளவு கஷ்டம். ஒவ்வொண்ணும் 1-ல இருந்து 10 வரைக்கும். மூணையும் பெருக்கினா வர்ற ரிஸ்க் மார்க்குக்குப் பேரு ஆர்பிஎன். அதிகபட்சம் 1000. எது பெருசா வருதோ அதை முதல்ல எடுங்க. எக்செல்ல ஒரு சாயங்காலத்துல போட்டுரலாம். வேணும்னா ஃபார்மட் தர்றேன்.


பவர்டேபிள் (திருப்பூர்) எழுதியது:

பனியன் கம்பெனியில கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் பாத்தவன் நான். எங்க பக்கத்து வழக்கத்தைச் சொல்றேனுங்க.

எங்களுக்குக் குறை எல்லாம் ஒரே தட்டு கிடையாது. கிரிட்டிக்கல், மேஜர், மைனர்னு மூணு. பையர் ஆள் வந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பண்ணும்போது பெரும்பாலும் மேஜருக்கு ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற அளவு) 2.5, மைனருக்கு 4.0. மூவாயிரம் பீஸ் லாட்டுன்னா சாதாரண லெவல்ல 125 பீஸ் எடுப்பாங்க. மேஜர் 7 வரைக்கும் பாஸ், 8 ஆனா ஃபெயில். மைனர் 10 வரைக்கும் பாஸ். கிரிட்டிக்கலுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்ல, பூஜ்யம்தான். கொழந்தை சட்டையில ஒடைஞ்ச ஊசி முனை ஒண்ணே ஒண்ணு கெடைச்சாலும் மொத்த லாட்டும் நின்னுரும். அதனாலதான் லைன்ல ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டும் கெடைச்சு, ஒட்டிக் காட்டி, நோட்டுல ஏத்துன பொறவுதான் டெய்லருக்குப் புது ஊசி. ஊசி ஒடையறது எண்ணிக்கையில ரொம்பக் கம்மி. இருந்தும் அதுதான் முதல். உங்க பட்டறையில அது மாதிரி ஒண்ணு இருக்குதான்னு முதல்ல பாருங்க. மோட்டார் பாடியில கரண்ட் இறங்கறது எல்லாம் எந்தப் பட்டியல்லயும் போட்டு வரிசை பாக்கற விசயமே கிடையாது.

அடுத்தது, எந்த எடத்துல சிக்குதுங்கறது. துணியில ஓட்டை இருக்குதுன்னா ரோலை ஓட்டிப் பாக்கற மெஷின்லயே தெரிஞ்சா அந்த எடத்தை ஒதுக்கிட்டுப் போயிரலாம். கட்டிங்ல தெரிஞ்சா ஒரு பார்ட் மாத்தோணும். தெச்சு, அயர்ன் பண்ணி, பாலிபேக்ல போட்ட பொறவு தெரிஞ்சா முழு பீஸும் போச்சு. கப்பல் ஏறப்போற அன்னிக்கு பையர் கண்ணுல பட்டா, எல்லாத்தையும் பிரிச்சு ரீசெக் பண்ணி, தேதி தவறிப் போய், நம்ம செலவுல பிளைட்ல அனுப்ப வேண்டியதுதான். ஓட்டை அதே ஓட்டைதான், சிக்குற எடத்தைப் பொறுத்து செலவு எங்கியோ போயிரும். உங்க நோட்டுல இருக்கறது எல்லாமே கடைசி எடத்துல சிக்குனது மட்டும். பட்டறைக்குள்ளயே ரிப்பேர் பண்ணி அனுப்புனதுக்கு நோட்டு இருக்குதுங்களா?


வைண்டிங்_அக்கா (சிங்காநல்லூர்) எழுதியது:

தம்பி, நான் பம்ப் கம்பெனிக்குக் காயில் சுத்தற வேலைக்குப் போனவ. பொறவு, வாரண்டியில திரும்பி வர்ற மோட்டாரைப் பிரிச்சு, ஏன் போச்சுன்னு எழுதற செக்ஷன்ல ரொம்ப வருசம் இருந்தேன். இப்பவும் சின்ன யூனிட்டுக்காரங்க கூப்பிட்டாப் போய்ப் பாத்துக் குடுக்கறேன். எனக்குச் சோறு போட்ட விசயமுங்க இது. நீளமாத்தான் எழுதுவேன், பொறுமையாப் படிங்க.

உங்க நோட்டுல இருக்கற கம்ப்ளெய்ன்ட்டைச் சொன்னது யாரு? டீலருங்கதானே. பெயிண்ட் உரியறது அவங்க கண்ணுலதான் படும். கடை முன்னால அடுக்கி வெச்ச ஓபன்வெல் துரு ஏறினா விக்காது, உடனே போன் வரும். கெணத்துக்குள்ள இறக்குன மோட்டாரை விவசாயி மறுபடி எப்பப் பாக்கறார்? போர்ல ஆயிரம் அடிக்குக் கீழ கெடக்கறது பச்சையா நீலமான்னு அவருக்கு என்ன? தண்ணி வரோணும், அவ்வளவுதான். அந்தத் தண்ணி நின்னா எல்லா விவசாயியும் உங்க நோட்டைத் தேடி வர மாட்டார். மஞ்சளோ வாழையோ வாடிட்டு இருக்கும்போது வாரண்டி கார்டைத் தேடி, டீலருக்குச் சொல்லி, கம்பெனி ஆளு வர்ற வரைக்கும் யாரு காத்திருக்கறது? பக்கத்துல இருக்கற ரீவைண்டிங் கடையில குடுத்துக் காயில் கட்டி இறக்கிருவார். அடுத்த மோட்டார் வாங்கும்போது உங்க பேரைச் சொல்ல மாட்டார். அதனால உங்க நோட்டுல பன்னெண்டுன்னு இருக்கறது பன்னெண்டு இல்லீங்க. உண்மையான எண்ணிக்கை பல்லடத்துலயும் காங்கயத்துலயும் குண்டடத்துலயும் இருக்கற ரீவைண்டிங் கடையில இருக்குது. ஒரு நாள் வண்டியை எடுத்துட்டுப் போய் அந்தக் கடைக்காரங்ககிட்டக் கேளுங்க, "எங்க மோட்டார் எத்தனை வருது, எப்படி வருது"ன்னு. மறைக்காமச் சொல்லுவாங்க. உங்களைத் தவிர வேற யாரும் அவங்ககிட்ட அதைக் கேக்கப் போறதில்ல.

அடுத்தது பணக் கணக்கு. ரூபாய்தான் நிர்வாகத்துக்குப் புரியற பேச்சுன்னு அந்த ஜுரானே சொல்லியிருக்கார். எண்ணிக்கையோட நின்னவர் இல்ல அவர். ஒரு உதாரணத்துக்கு நான் எண்ணைப் போடறேன், நீங்க உங்க எண்ணைப் போட்டுக்கங்க. பெயிண்ட் கம்ப்ளெய்ன்ட் ஒண்ணுக்கு டச்சப் பண்ண, ஆளு போக வர 300 ரூபாய்னு வெச்சா அம்பதுக்கு 15,000. காயில் ஒண்ணு மாத்திக் குடுக்க 6,000-னா பன்னெண்டுக்கு 72,000. இதுவே வரிசையைத் திருப்பிப் போட்டிருச்சு. ஆனா நான் இதோட நிறுத்த மாட்டேன். மோட்டாரை மேல எடுக்க வண்டி வாடகை, மறுபடி இறக்கற கூலி, கேபிள் ஜாயின்ட், தண்ணி இல்லாத நாளைக்கு டேங்கர், இதெல்லாம் விவசாயி பாக்கெட்ல இருந்து போகுது. நீங்க காயிலை ஃப்ரீயாக் கட்டிக் குடுத்தாலும் அவருக்கு 10,000 செலவுன்னா பன்னெண்டு பேருக்கு 1,20,000. இது உங்க லெட்ஜர்ல எங்கியும் வராது. ஆனா அடுத்த மோட்டார் யார்கிட்ட வாங்கறதுன்னு அவர் முடிவு பண்றது இந்தத் தொகையை வெச்சுத்தான். நான் வரிசை போடறதா இருந்தா வாங்குனவருக்கு எவ்வளவு நட்டம்னு முதல்ல எழுதுவேன், நமக்கு எவ்வளவுங்கறது ரெண்டாவதுதான். தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்க வீட்டுல பொறந்தவ நான். சித்திரையில மோட்டார் நின்னா அந்த வீட்டுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த நட்டத்தைக் கணக்குல சேக்காத எந்த வரிசையும் எனக்கு ஒப்பாது.

இஞ்சினியர் தம்பி, நீங்க சொன்ன மூணு மார்க் நல்ல பழக்கம்தான், யோசிக்க வைக்குது. பெருக்கறதுலதான் எனக்குச் சம்மதம் இல்ல. கடுமை 9, அடிக்கடி 2, கண்டுபிடிக்கறது 2 போட்டா 36. கடுமை 3, மத்த ரெண்டும் 6 போட்டா 108. பாடியில கரண்ட் வர்ற பழுதுக்கு 36, பெயிண்ட்டுக்கு 108-ன்னு வந்துரும். இந்தச் சிக்கலாலதான் 2019-ல அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகளான ஏஐஏஜி, விடிஏ ரெண்டும் சேர்ந்து போட்ட எஃப்எம்இஏ கையேட்டுல ஆர்பிஎன்னை எடுத்துட்டு, கடுமைக்கு முதல் எடம் குடுத்து, ஹை, மீடியம், லோ-ன்னு மூணா வெச்சுட்டாங்க. உங்க கம்பெனியில இன்னும் பழைய ஃபார்மட்டா இருந்தா மாத்தச் சொல்லுங்க. திருப்பூர்க்காரர் சொன்ன ஊசி விசயமும் இதேதான்.

இனி முக்கியமான பேச்சு. தம்பி, "காயில் போச்சு"ங்கறது காரணம் இல்ல, சாவுச் செய்தி மாதிரி, முடிஞ்சு போனதைத்தான் சொல்லுது. அதை வெச்சு மெஷின் வாங்காதீங்க. திரும்பி வந்த மோட்டாரை ஸ்கிராப்புக்குப் போடறதுக்கு முன்னால பிரிச்சு, காயிலைக் கண்ணால பாருங்க. ஸ்டார், டெல்டாங்கறது மூணு பேஸ் காயிலை இணைக்கற ரெண்டு விதம். ஸ்டார் கனெக்ஷன் மோட்டார்ல ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு புதுசாட்டம் இருந்தா அது சிங்கிள் ஃபேசிங், அதாவது மூணு பேஸ் கரண்ட்ல ஒண்ணு வராம ஓடினது. டெல்டாவுல ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும். மூணு பேஸும் ஒரே மாதிரி வெந்திருந்தா ஓவர்லோடு, இல்லைன்னா லோ வோல்டேஜ். அப்பத் த்ரஸ்ட் பேரிங்கையும் (ரோட்டாரோட பாரத்தைக் கீழ தாங்கறது) பாருங்க. மணல் தின்னு கார்பன் தேஞ்சு ரோட்டார் கீழ இறங்கியிருந்தா, இம்பெல்லர் உரசி லோடு ஏறியிருக்கும். எல்லாம் நல்லா இருந்து ஒரே ஒரு புள்ளியில இன்சுலேஷன் பஞ்சர் ஆகியிருந்தா, அதுவும் ஸ்லாட் (காயில் உக்கார்ற காடி) வாயில இருந்தா, அது நம்ம பட்டறையில வைண்டிங் பண்ணும்போதே பட்ட காயம். கேபிள் ஜாயின்ட்ல தண்ணி ஏறினது தனியாத் தெரியும். இந்த நாலுக்கும் வைத்தியம் வேற வேற. உங்க சிஎன்சி இதுல எதுக்கு உதவும்னு பிரிச்சுப் பாத்த பொறவு சொல்லுங்க.

டெஸ்ட் பெட் பத்தி ஒரு வார்த்தை. அது வந்தாக் கெட்ட மோட்டார் கேட்டைத் தாண்டறது குறையும். கெட்ட மோட்டார் செய்யறது குறையாது. அதுவும் உங்க பெட்ல 415 வோல்ட் சுத்தமா வருது. தோட்டத்துல பீக் நேரத்துல 330 வந்தா அந்த மோட்டார் என்ன பண்ணுங்கறதை உங்க ரிப்போர்ட் சொல்லாது. ஐஎஸ்ஐ மார்க்குக்கு போர்வெல் சப்மெர்சிபிளை ஐஎஸ் 8034 படியும், ஓபன்வெல்லை ஐஎஸ் 14220 படியும் டெஸ்ட் பண்ணத்தான் வேணும், அதுல மாத்துப் பேச்சு இல்ல. அதுக்கு இருக்கற பெட்டே போதுமான்னு பாத்துக்கங்க.


ஓபன்வெல்_தம்பி எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றிங்க. நீங்க எழுதுன அன்னிக்கே ஷெட்டுக்குப் பின்னால கெடந்த வாரண்டி மோட்டாருகளைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டோம். ஸ்கிராப் வண்டி வர இருந்துச்சு, நிறுத்திட்டேன்.

பிரிச்சதுல பாதிக்கு மேல நீங்க சொன்ன சிங்கிள் ஃபேசிங் அடையாளம். நாங்க ஸ்டார்தான் குடுக்கறோம், ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு அப்படியே இருக்குது. அடுத்தபடியா ஸ்லாட் வாயில பஞ்சர். அது எல்லாமே ஒரே ஸ்டாம்பிங் (காயில் சுத்தறதுக்கு அடுக்கற இரும்புத் தகடு) சைஸ்ல இருக்குதுங்க, அந்தப் பக்கம் விரலை ஓட்டினாப் பிசிர் கையைக் கிழிக்குது. த்ரஸ்ட் பேரிங் தேஞ்சது கொஞ்சம், எல்லாம் புதுசா ஓட்டின போர்ல இருந்து வந்தது. ஷாஃப்ட் கோளாறுன்னு ஒண்ணுகூட இல்ல. சிஎன்சி ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வெச்சாச்சு.

காங்கயம் ரீவைண்டிங் கடைக்கும் போனேன். "உங்க மோட்டார் காயில் கட்ட மாசாமாசம் வருதுங்க, சாமான் நல்லாத்தான் இருக்குது, கோளாறு வந்தா மோட்டாரை நிறுத்தற பேனல்தான் வெச்சுக்க மாட்டேங்கறாங்க"ன்னார். மூணு பேஸ் வராத நேரத்துல ரெண்டு பேஸ்ல கெபாசிட்டர் போட்டு ஓட்டறவங்களும் இருக்காங்களாம்.

பவர்டேபிள் அண்ணா, உள்ளயே ரிப்பேர் பண்றதுக்கு நோட்டு இல்லீங்க. நேத்து ஒண்ணு போட்டாச்சு. இஞ்சினியர் சார், புது ஃபார்மட் இருந்தா அனுப்புங்க.

சர்வீஸ் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன். வண்டியும் ஆளும் போட்டாச் சரியாயிருமா?


ஈரோடு_லேப் எழுதியது:

பெருந்துறை ரோட்டுல ரத்தப் பரிசோதனை லேப்ல ஃப்ரண்ட் ஆபீஸ் பாக்கறேனுங்க. மோட்டார் பத்தி எதுவும் தெரியாது. சர்வீஸ் பத்திச் சொல்லலாம்.

சர்வீஸ்ல குறை நோட்டுல ஏறாதது இயல்புதான். பொருள்ல கோளாறுன்னா கையில ஆதாரம் இருக்கும். "வர்றேன்னு சொல்லிட்டு வரல"ங்கறதுக்கு என்ன ஆதாரம்? கோவிச்சுட்டு வேற எடம் போயிருவாங்க. 1980-கள்ல பரசுராமன், ஸைதாமல், பெர்ரின்னு மூணு பேராசிரியர்கள் சர்வீஸ் தரத்தை ஆராய்ஞ்சு அஞ்சு குணமாப் பிரிச்சாங்க. சொன்னதைச் சொன்னபடி செய்யறது, சட்டுன்னு கவனிக்கறது, நம்பிக்கை தர்றது, ஆளுக்கு ஏத்த அக்கறை, எடமும் சாமானும் பாக்க நல்லா இருக்கறது. இதுல வாடிக்கையாளருக்கு மேல நிக்கறது சொன்னதைச் சொன்னபடி செய்யறதுதான்னு அவங்க ஆராய்ச்சி. பாக்கறதுக்கு நல்லா இருக்கறது கடைசி. எங்க லேப்ல ஏசி போட்டப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. ரிப்போர்ட்டை அஞ்சு மணிக்குன்னு சொல்லிட்டு ஆறரைக்குக் குடுத்தா, டாக்டர் கிளம்பிப் போயிருப்பார், பேஷன்ட்டு அந்தியூர்லயிருந்து மறுநாளும் பஸ் ஏறி வரோணும்.

1984-ல ஜப்பான்ல நோரியாகி கானோ சொன்னதும் இங்க பொருந்தும். சிலது இருந்தா யாரும் பாராட்ட மாட்டாங்க, இல்லாட்டி விட மாட்டாங்க. சிலது இல்லாட்டியும் கேக்க மாட்டாங்க, இருந்தாச் சந்தோசப்படுவாங்க. ரெண்டாவது வகை நாளாக நாளாக முதல் வகையா மாறிரும். வாட்ஸ்ஆப்ல ரிப்போர்ட் அனுப்ப ஆரம்பிச்சப்ப அதிசயமாப் பாத்தாங்க. இப்ப அனுப்பலைன்னா சத்தம் போடறாங்க. முதல் வகையில ஓட்டை இருக்கும்போது ரெண்டாவதுல காசு போடாதீங்க.

உங்களுக்கு என் யோசனை: ஆளு எடுக்கறதுக்கு முன்னால, விவசாயி போன் பண்ணின நேரம், நீங்க எப்ப வர்றோம்னு சொன்னீங்க, எப்ப மறுபடி தண்ணி வந்துச்சு, இந்த மூணை மட்டும் எழுதுங்க. சராசரி போட்டுப் பாக்காதீங்க, ரொம்பத் தாமதமான பத்தை எடுத்து ஒவ்வொண்ணா ஏன்னு கேளுங்க. எங்களுக்கு அப்படிப் பாத்தப்ப, தாமதம் மெஷின்ல இல்ல. சாம்பிள் எடுத்த பொறவு அது கவுண்டர்லயே கெடந்த நேரம்தான் பெருசா இருந்துச்சு. அதுக்கு ஆளு தேவைப்படல, ஒரு பெல்லும் ஒரு டிரேயும் போதுமா இருந்துச்சு.


வைண்டிங்_அக்கா எழுதியது:

லேப் கண்ணு நல்லாச் சொல்லுச்சு. தம்பி, அந்த மூணு நேரத்தையும் உடுமலை, தாராபுரம் ரெண்டுலயும் நாளையில இருந்தே எழுதச் சொல்லுங்க. என் அனுமானம், உங்க பசங்க தோட்டத்துக்குப் போய்ச் சேர்றதுல நேரம் போகல. மோட்டார் எடுக்கற வண்டி கெடைக்கறதுக்கும், கணபதியில இருந்து ஸ்பேர் பஸ்ல வர்றதுக்கும்தான் போகுது. அப்படி இருந்தா வண்டி வாங்கறதைவிட, ரெண்டு சென்டர்லயும் காயில் கட்டி ரெடியா ஒரு ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாம நிக்கற காயில் பாகம்) வீதம் வெச்சிருக்கறது பெருசு. ஆனா இது அனுமானம்தான். எழுதிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பிசிர் விசயத்தை இந்த வாரமே எடுங்க. ஸ்டாம்பிங் வெளிய வாங்கறீங்களா, உங்க டையிலயே (தகடு வெட்டற அச்சு) அடிக்கறீங்களான்னு சொல்லல. வெளியன்னா அந்த சைஸ் டையைத் தீட்டச் சொல்லுங்க. எத்தனை அடிக்கு ஒருக்காத் தீட்டறாங்கன்னு எழுதி வாங்குங்க. நம்ம பக்கம் ஸ்டேக் பண்ணின பொறவு ஸ்லாட்டுக்குள்ள ஃபைல் போடோணும், ஸ்லாட் லைனர் (காடிக்குள்ள வெக்கற இன்சுலேஷன்) ரெண்டு பக்கமும் சரியா வெளிய நீட்டி நிக்கோணும். வைண்டிங் பண்ற பொண்ணுககிட்ட உக்காந்து கேளுங்க. எந்த ஸ்லாட்ல ஒயரு சிக்குது, எங்க இழுக்கும்போது உரசுதுன்னு அவங்க விரலுக்குத் தெரியும். அவங்களை யாரும் கேக்கறதில்ல. நான் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தவ, அதனால சொல்றேன். பீஸ் ரேட்டுல வேலை குடுத்துட்டு, "பிசிர் இருக்குது, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்ற பொண்ணுக்கு அன்னிக்குக் கூலி குறைஞ்சா, அடுத்த நாள் வாயைத் தொறக்க மாட்டா. பிசிர் உள்ள ஸ்டேக்கைத் திருப்பிக் குடுத்தாலும் கூலி குறையாதுன்னு நீங்களே அவங்க முன்னால சொல்லோணும், சூப்பர்வைசர் மூலமாச் சொல்லக் கூடாது. வைண்டிங் முடிஞ்ச ஸ்டேட்டரைத் தண்ணியில ஊற வெச்சு மெகர் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குதுன்னு அளக்கற மீட்டர்) பாக்கற வழக்கம் இருந்தா, அந்த ரீடிங்கை "ஓகே"ன்னு டிக் போடாம எண்ணாவே எழுதுங்க. சரிவு எண்ணுல முன்னாலயே தெரியும்.

சிங்கிள் ஃபேசிங் நம்ம பட்டறைக் கோளாறு இல்லைன்னு விட்டுரலாம்னு சூப்பர்வைசர் சொல்லுவார். நான் ஒத்துக்க மாட்டேன். காசு போட்டு வாங்குனவரோட மோட்டார் கருகுது, அது நம்ம மோட்டார். சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், லோ வோல்டேஜ் கட், ட்ரை ரன் (தண்ணி இல்லாம ஓடறது) கட் இருக்கற பேனலை மோட்டாரோட சேத்து ஒரே விலையாக் குடுத்துப் பாருங்க. ரெண்டு பேஸ்ல கெபாசிட்டர் போட்டு ஓட்டறவர் அந்தப் பேனலை பைபாஸ் பண்ணத்தான் பாப்பார். மூணு பேஸ் கரண்ட் இல்லாத நேரத்துலயும் தண்ணி வேணுமே, அவரும் பாவம் என்ன பண்ணுவார். அதனால இறக்கற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, நீங்க பிரிச்சு வெச்ச அந்தக் கருகின காயிலையே கையில குடுத்துக் காட்டுங்க. எந்த நோட்டீசும் அந்த வேலையைச் செய்யாது. புது போர்ல மணல் நிக்கற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணாம மோட்டார் இறக்க வேண்டாம்னும் அப்பவே சொல்லிருங்க. த்ரஸ்ட் பேரிங் பிரச்சினைல பாதி அதோட போகும்.

அப்பாவோட பெயிண்ட். அவர் சொல்றதைத் தள்ளாதீங்க. டீலர் கடையில துருப்பிடிச்ச மோட்டாரை விவசாயி வாங்க மாட்டார், அதுவும் நிஜம்தான். ஆனா பவுடர் கோட்டிங் பிளான்ட் போட்டாலும் அடியில எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இருந்தா அதுவும் உரியும். இப்ப அடிக்கற பெயிண்ட்ல பிளேடால குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாக் கீறி, டேப்பை ஒட்டி வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க. பெயிண்ட் டேப்போட வந்து அடியில வெறும் காஸ்டிங் தெரிஞ்சா, பெயிண்ட் மேல குத்தம் இல்ல, கழுவறதுலயோ பிரைமர்லயோ குத்தம். பவுண்டரியில ஷாட் பிளாஸ்ட் (இரும்புக் குருணையை வேகமா அடிச்சுச் சுத்தம் பண்றது) பண்ணித்தான் அனுப்பறாங்களான்னும் பாருங்க. மெஷினிங் முடிஞ்சு கூலன்ட் எண்ணெயோட அப்படியே பெயிண்ட்டுக்குப் போகுதுன்னா, எண்ணெயைக் கழுவி எடுக்கற டிகிரீசிங் தொட்டி ஒண்ணு போட்டாப் பெரும்பகுதி தீந்துரும். அந்தக் கீறல் டெஸ்ட்டை அப்பாவையே பண்ணச் சொல்லுங்க. அவர் கையால பாத்தா அப்பறம் வாக்குவாதம் இருக்காது.

ஆக, இப்போதைக்குச் செலவுன்னு பாத்தா டை தீட்டறது, டிகிரீசிங் தொட்டி, முதல் சரக்குக்குப் பேனல், ரெண்டு ஸ்பேர் ஸ்டேட்டர். 15 லட்சத்துல பெரும்பகுதி கையிலயே நிக்கும். சேங்ஷன் ஆயிருச்சேன்னு முழுசையும் எடுத்து வட்டி கட்டாதீங்க. அடுத்த சித்திரை, வைகாசி கோடை தாண்டட்டும். அந்த ரெண்டு மாசத்துலதான் மோட்டார் ராப்பகலா ஓடும், தண்ணி மட்டமும் இறங்கும், இருக்கற எல்லாக் கோளாறும் வெளிய வரும். அப்ப மறுபடியும் ரீவைண்டிங் கடைக்குப் போய்க் கேட்டுட்டு, மிச்சப் பணத்தை எங்க போடறதுன்னு பேசலாம்.

அந்தப் பஞ்சரான ஸ்டேட்டருகளைக் கழுவாம வெச்சிருங்க. வியாழக்கிழமை காலையில நான் கணபதிப் பக்கம் வர்றேன், ஸ்டாம்பிங்கையும் சேத்துப் பாத்துரலாம்.


ஓபன்வெல்_தம்பி எழுதியது:

வாங்கக்கா, வியாழக்கிழமை அப்பாவும் இருப்பார். ஸ்டாம்பிங் வெளியதான் வாங்கறோம், அவங்களையும் வரச் சொல்லிட்டேன். ஸ்டேட்டரை ஒரு துளி தண்ணி படாம எடுத்து வெச்சாச்சு.